அளத்துத் தண்ணீரில் அலசிய சாக்கு

ரெஜினா ஒரு இலையைக் கிள்ளி என் வாயில் வைத்தாள்.

அப்போதுதான் சரக்குத் தோணியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்திருந்தேன். காலில் கடலாட்டம் இன்னும் நிற்கவில்லை. கையில் இருந்த பையைக்கூட அவள் வாங்கி வைக்கவில்லை. "மேல வாங்க" என்று மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு இலையைக் கிள்ளி, பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி என் உதட்டில் வைத்து அமுக்கினாள்.

"சொல்லுங்க. எப்படி இருக்கு?"

கரித்தது.

"நீங்க தாண்டிப் போற கடலு, இங்கன மாடிக்கு ஏறி வந்துட்டு" என்றாள்.

மழை விட்டு நல்ல வெயில். செடிகள் தொட்டியில் நின்றபடியே கருகியிருந்தன. இலை ஓரமெல்லாம் பழுப்பு. மண்ணின் மேலே மாவு தூவின மாதிரி வெள்ளை. மழையில் செடி அழுகிப் பார்த்திருக்கிறேன், காற்றில் ஒடிந்து பார்த்திருக்கிறேன். மழை பெய்து செடி கருகி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் மகள் சின்னவளாக இருந்த காலம் அது. ரெஜினா என் வீட்டுக்காரி. அந்த மாடித் தோட்டம் அவளுடையது. அதைக் கருக்கியது அவள் கூடப்பிறந்த தம்பி சவரி. வேண்டுமென்று செய்யவில்லை. அக்காவுக்கு ஒத்தாசை செய்ய வந்தவன் அவன்.

அந்த ஒத்தாசையைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பக்கத்து வீட்டு டீச்சர். நாசரேத்துக்காரர், கண்டிப்பானவர். நான் பேச்சில் ரொம்ப தூரம் போய்விட்டால் பேனாவை மூடிவிடுவார். அதனால் பயமில்லாமல் கூட வரலாம்.

எங்க ஊர்க் குளிர்காலம்

மகள் ஸ்டெல்லா கனடாவில் இருக்கிறாள். பனி விழப் போகிறது என்றால் அங்கே தொட்டிச் செடிகளையெல்லாம் வீட்டுக்குள் தூக்கி வைப்பார்களாம். போனில் படம் காட்டினாள். வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி ஒரு செம்பருத்தி.

நமக்குப் பனி ஏது? மார்கழியில் தலையில் ஒரு துண்டைக் கட்டினால் குளிர் முடிந்தது. தூத்துக்குடிச் செடிக்குக் குளிர்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். மேலேயிருந்து மழை, பக்கத்திலிருந்து வாடைக்காற்று.

ஆடி மாதத்து மேல்காற்று வெறும் புழுதிக்காற்று. கண்ணில் மண்ணை அள்ளிப் போடும், அவ்வளவுதான். அது மேற்கே கரையிலிருந்து வருவது, உப்பு கிடையாது. வாடை அப்படியில்லை. கடலைத் தடவிக்கொண்டு வரும். ஜன்னல் கம்பியைத் தின்பது அதுதான். கம்பியையே தின்கிற காற்றுக்கு ஒரு தளிர் எம்மாத்திரம்?

அதனால் புரட்டாசி கடைசியிலேயே ரெஜினா ஆரம்பித்துவிடுவாள். முதலில் தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டுகளை எடுப்பாள். வெயில் காலத்தில் சொட்டுத் தண்ணீரைப் பிடித்து வைத்துச் செடியைக் காப்பாற்றின தட்டு, மழைக்காலத்தில் அதே செடியை முக்கிக் கொன்றுவிடும். பிறகு ஒவ்வொரு தொட்டியையும் செங்கல் துண்டுகளின் மேல் ஏற்றுவாள். உடைந்த குடைக் கம்பியை விட்டு அடி ஓட்டையைக் குத்தித் திறப்பாள். ரோசாவைக் கவாத்து பண்ணி, வெட்டின வாயில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவாள். அடி பெருத்துப் பானை வயிறு மாதிரி இருக்குமே அடினியம், அதற்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு மாடிப்படிக் கூரைக்குக் கீழே கொண்டு வைப்பாள். ஒல்லித் தண்டுச் செடிக்குக் கம்பு நட்டு வாழைநாரால் கட்டுவாள். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும்.

கடைசி வேலைதான் முக்கியம். வடகிழக்கு ஓரத்தில் முரட்டுக் குரோட்டன்ஸ்களை வரிசையாக நிறுத்துவாள். அதற்குப் பின்னால் சணல் சாக்குகளைத் திரை மாதிரி கட்டுவாள். அதற்குப் பின்னால்தான் இளசுகள்.

"மேல மூடக் கூடாது. பக்கத்ததான் மறைக்கணும். மூடினா மூச்சு முட்டிரும்" என்பாள்.

எங்கள் தோணியிலும் அப்படித்தான். மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றுவோம். மழைக்குப் பயந்து தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் வெங்காயம் உள்ளேயே வேர்த்து முளை விட்டுவிடும். எங்கள் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர், காற்று அடிக்காத பக்கமாகப் பார்த்து ஒரு ஓரத்தைத் திறந்து விடச் சொல்வார். ஒரு தடவை அந்த ஓரத்தின் வழியாக ஒரு பூனை உள்ளே போய்க் குட்டி போட்டு, கடலுக்கு நடுவில் நாங்கள்...

டீச்சர் பேனாவை மூடுகிறார். சரி, பூனை இன்னொரு வாரம்.

சொல்ல வந்தது இதுதான். தோணிக்கு ஓட்டம் புரட்டாசி வாக்கில் ஆரம்பித்துச் சித்திரை வரைக்கும். மேல்காற்று மாதங்களில் தோணி கரையில் கிடக்கும், நானும் வீட்டில் கிடப்பேன். செடிக்கு வேலை இல்லாத மாதத்தில் நான் கரையில். வேலை இருக்கிற மாதத்தில் கடலில். தோணி வேலையை விடுகிற வரைக்கும் ஒரு மழைக்கும் ஒரு தொட்டியை நான் நகர்த்தினவன் இல்லை. ஊரில் மழை கொட்டும்போது, அவள் எதை எங்கே இழுத்துக்கொண்டிருப்பாள் என்று தோணித் தட்டில் படுத்து நினைத்துக்கொள்வேன். நினைப்பால் தொட்டி நகருமா?

பால் டின்னில் வந்தவள்

கருகிப்போன செடிகளில் மற்றதெல்லாம் போகட்டும். ஒன்று மட்டும் போயிருக்கக் கூடாது.

கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு டீக்கடை இருந்தது. கடைக்கார அம்மாள் வாசல் நிழலில் வரிசையாக ஆந்தூரியம் வைத்திருந்தாள். சிவப்பு மெழுகில் வார்த்த மாதிரி ஒரே ஒரு பெரிய இதழ், நடுவில் மஞ்சள் திரி. பிளாஸ்டிக் என்று நினைத்து நான் நகத்தால் கீறிப் பார்த்து, அந்த அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஸ்டெல்லாவுக்குப் புதுநன்மை, கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். "பீடத்துக்கு நம்ம வீட்டுப் பூதான் வைக்கணும்" என்று ரெஜினா சொல்லிக்கொண்டே இருந்தாள். அது என் மண்டையில் கிடந்தது. நடைக்கு நடை அந்தக் கடையில் டீ குடித்து, அந்த அம்மாளைச் சிரிக்க வைத்து, கடைசியில் ஒரு பக்கக்கன்று வாங்கிவிட்டேன். பால் பவுடர் டின்னில் மண்ணோடு வைத்துத் தந்தாள்.

தோணியில் அந்த டின்னுக்கு நல்ல இடம் கிடையாது. எங்கே வைத்தாலும் கடல் தெறிக்கும். சமையல் செய்கிற இடத்துக்குப் பின்னால் ஒதுக்கி வைத்து, என் துண்டால் மறைத்தேன். தெறித்த இலையைக் குடிக்கிற தண்ணீரில் துண்டு முனையை நனைத்துத் துடைப்பேன். கூட வந்த பயல்களுக்குக் கொண்டாட்டம்.

"ஏலே மிக்கேலு, சின்ன வீட்டுக்குச் சோறு வச்சியா?"

"அவ கொழும்புக்காரிலே. சோறு எதுக்கு, இடியாப்பம் கேப்பா."

"துண்ட எடுலே, மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

கரையில் இறங்கும்போது சோதனைக்கு நின்றவர் டின்னைப் பார்த்து, "இது என்ன?" என்றார். "குழம்புக்குக் கீரை" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல யாரும் பொழச்சிருக்கணும்னு ஆச இல்லையோ" என்று விட்டுவிட்டார்.

அப்படிக் கடல் முழுக்க உப்புப் படாமல் கொண்டுவந்து சேர்த்தேன். ரெஜினா அதற்குத் தனித் தொட்டி வைத்தாள். தேங்காய் நாரும் கரித்துண்டும் போட்டாள். முதல் மொட்டு, சுருட்டின வெற்றிலை மாதிரி எட்டிப் பார்த்தபோது நான் அடுத்த நடைக்குப் போய்விட்டேன்.

நாக்கு

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ரெஜினாவுக்குக் காய்ச்சல் விழுந்தது. டைபாய்டு. எழுந்து உட்காரலாம், மாடி ஏற முடியாது. பழைய சாக்குகளை எலி கடித்திருந்தது. தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

சவரி முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தான். நாங்கள் அளம் என்றுதான் சொல்வோம். அங்கே சாக்குக்குப் பஞ்சமில்லை. ஒரு கட்டு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். ரெஜினா கீழே கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல, மேலே எல்லாவற்றையும் செய்தான். தட்டை எடுத்தான், செங்கல் வைத்தான், திரை கட்டினான். அக்கா காய்ச்சலில் கிடக்கிறாளே என்ற பாசத்தில் சொல்லாத வேலையும் ஒன்று செய்தான். இளம் செடித் தொட்டிகளைத் தனித்தனியாகச் சாக்கால் சுற்றி, விளிம்புக்கு மேலேயும் மடித்துக் கட்டிவிட்டான். ஆந்தூரியத்துக்கு இரண்டு சுற்று.

உப்பு மூட்டை கட்டின சாக்கு. மழை பிடித்தது. சாக்கில் ஊறியிருந்த உப்பையெல்லாம் மழைதான் கரைத்துத் தொட்டிக்குள் இறக்கியது. நாள் கணக்கில் இறக்கியது.

காய்ச்சல் விட்டு மாடிக்குப் போன ரெஜினா தம்பியைக் கூப்பிட்டு விட்டாள். அவன் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறான், பாராட்டப் போகிறாள் என்று. அவன் வாயிலும் ஒரு இலையைக் கிள்ளி வைத்தாள். பின்னால் எனக்குச் செய்த மாதிரியேதான்.

அவன் மென்று பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையேக்கா. நல்லாத்தான இருக்கு" என்றான்.

அந்த ஒரு சொல்தான். செத்த செடியைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு நல்லாத்தான் இருக்கு என்கிறானே, நையாண்டி செய்கிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"உப்புலயே கெடந்து கெடந்து ஒனக்கு நாக்கும் செத்துப்போச்சு, மனசும் செத்துப்போச்சு. நாக்குச் செத்த பயலுக்குப் பூ எதுக்குலே? இனிமே இந்தப் படி ஏறாத."

அவன் எல்லாச் சாக்கையும் அவிழ்த்தான், மடித்தான், தலையில் வைத்தான், படி இறங்கினான்.

இதெல்லாம் நான் கரைக்கு வந்த அன்றைக்கு, இலையைத் தின்ற பிறகு, ரெஜினா சொல்லித் தெரிந்துகொண்டது.

அடுத்த நடை

ஸ்டெல்லாவின் புதுநன்மைக்குக் கடைப் பூதான் போனது. சாமந்தியும் ரோசாவும். நன்றாகத்தான் இருந்தது. ரெஜினா பீடத்தைப் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சவரி வரவில்லை.

அதுவரைக்கும் எங்கள் வீட்டு உப்பு அவன் கொண்டுவருவது. ஓலைக் கொட்டானில், கல் உப்பு, அள்ளினால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் பிறகு ரெஜினா கடையில் பாக்கெட் உப்பு வாங்க ஆரம்பித்தாள். தெருமுனைக் கடைக்காரர் சிரிப்பார். "அண்ணாச்சி, தூத்துக்குடியில பொறந்து பாக்கெட் உப்பு கேக்கிற ஒரே ஆளு ஒங்க வீட்டுலதான் இருக்கு." நானும் சிரித்து வைப்பேன்.

பேசி முடிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அடுத்த நடை முடிந்து வந்து பேசலாம், அதற்கு அடுத்த நடை முடியட்டும் என்று தள்ளினேன். ஸ்டெல்லா கல்யாணத்துக்குச் சவரி கோவிலுக்கு வந்தான். மாலையைப் போட்டான், மணமக்களைக் கும்பிட்டான், பந்திக்கு உட்காராமல் போய்விட்டான். நான் பின்னால் போயிருக்கலாம். சம்பந்தி வீட்டுக்காரர் யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அவர் என்ன பேசினார் என்று இப்போது ஒன்றும் நினைவில்லை. வாசலைத் தாண்டிப் போன அந்த முதுகு மட்டும் அப்படியே இருக்கிறது.

ரெஜினா மறுபடியும் தோட்டம் போட்டாள். ரோசா வந்தது, அடினியம் வந்தது. நான் தோணியை விட்ட பிறகு மழைக்கு மழை இரண்டு பேருமாகத் தொட்டி நகர்த்தினோம். ஆந்தூரியம் மட்டும் வைக்கவில்லை. நர்சரிக்காரன் நீட்டினாலும், "அது நமக்கு ஒத்துக்கிடாது" என்று நகர்ந்துவிடுவாள்.

சாக்குத் திரைக்குப் பதிலாகப் பச்சை வலை வாங்கிக் கட்டினோம். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் மார்கழியில் ஊரே தண்ணீரில் மிதந்ததே, அப்போது அந்த வலை காற்றோடு போனது. எந்தப் பனைமரத்துக்குச் சட்டையாக இருக்கிறதோ.

யாரையாவது

இந்த வருஷம் ரெஜினாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லா போனில் கத்தினாள். "அந்தத் தொட்டியெல்லாம் யாருக்காவது குடுத்துருங்கப்பா. செடிக்காக நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில கெடக்கணுமா?"

ரெஜினா போனை வாங்கி, "நீ ஒன் செம்பருத்திய வீட்டுக்குள்ள வச்சிருக்கேல்லா? அதக் குடுத்துருவியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்து வடகிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மாடியில் ஒரு தட்டும் எடுக்கவில்லை.

"யாரையாவது கூப்பிடுங்க" என்றாள்.

"யாரைளா கூப்பிட?"

"ஊர்ல ஆளா இல்ல."

"செடி தெரிஞ்ச ஆளா இருக்கணும்லா?"

அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரு தடவ கட்டினவனுக்கு மறந்தா போயிரும்?"

நான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மறுபேச்சு பேசினால் அவள் மனம் மாறிவிடும் என்று பயம்.

அளத்தில்

மழைக்கு முன்னால் அளத்திலும் இதே வேலைதான். உப்பைக் குன்றுமாதிரி குவித்து மேலே பனையோலை வேய்வார்கள். அக்கா செடிக்குள் உப்பு போகாமல் மூடுவாள். தம்பி உப்புக்குள் மழை போகாமல் மூடுவான்.

சவரி இப்போது பாத்தியில் இறங்குவதில்லை, காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டதும் தலையைத் தூக்கினான். கண் என் மேல் நிற்கவில்லை, எனக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது. வெள்ளை உப்பில் வெயில் அடித்து அடித்துக் கண்ணைக் கொண்டுபோய்விட்டது என்றான். வெளிச்சம் தெரியும், உருவம் நிழல் மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

"அத்தானா? குரலு அப்படியே இருக்கே. அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?"

அவனுக்கு முதலில் வந்த கேள்வி அது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. முழங்காலுதான். மழை வருது, தொட்டிய நகத்தணும். ஒன்னையத்தான் கூப்பிடச் சொன்னா."

"கூப்பிடச் சொன்னாளா, நீங்களா வந்தீயளா?"

"சட்டைய மாட்டிட்டு வந்திருக்கேன். நானா வரதுன்னா கைலியோட வந்திருப்பேன்."

சிரித்தான். ஓலை காற்றில் சலசலத்தது.

"அன்னைக்கு அந்தச் சாக்க நான் அலசித்தான் கொண்டாந்தேன் அத்தான்" என்றான்.

"அலசினியா?"

"உப்புச் சாக்கு செடிக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? நல்லா முக்கி முக்கி அலசினேன். வெள்ளையெல்லாம் போச்சு. நாக்குல வச்சும் பாத்தேன். ஒண்ணுமில்ல."

"எந்தத் தண்ணியில அலசின?"

அவன் தரையைத் தடவினான்.

"இங்கன ஏது வேற தண்ணி? குடிக்கவே குடத்துல சுமந்துட்டு வரணும். அளத்துக் கிணத்துலதான் அலசினேன். அது நமக்கு நல்ல தண்ணி மாதிரிதான இருக்கும்."

உப்பு விளைய வைக்க இறைக்கிற கரிப்புத் தண்ணீர் அது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாலே?"

"நாக்குச் செத்தவன்னு அக்கா சொல்லிட்டா. எந்தத் தண்ணின்னு நான் சொன்னா, ஆமா, செத்துத்தான் போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா. அப்போ எளவயசு. ரோசம்." பிறகு மெதுவாகச் சொன்னான். "அந்த இலைய வாயில வச்சப்போ சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியல அத்தான். நையாண்டி இல்ல."

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன். தைலப் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"அலசியிருக்கானா?" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அலசித்தான் கொண்டாந்திருக்கான்" என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

கொழும்புச் செடி எங்கே

மறுநாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. சவரி இறங்கினான். கையில் ஈரச் சாக்குக் கட்டு. இப்போதெல்லாம் உப்புக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்குதான். இது பருப்பு மண்டியில் சொல்லி வைத்து வாங்கின சணல் சாக்கு. துவரம்பருப்பு வாசம் இன்னும் போகவில்லை. அதையும் வீட்டில் குடிதண்ணீரில் அலசிக் கொண்டுவந்திருந்தான்.

உள்ளே வந்தவன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, "அக்கா" என்றான்.

"இங்கன இருக்கேன்லே" என்றாள் ரெஜினா, எதிர்ப்பக்கத்தில் இருந்து.

அவன் திரும்பினான். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை. அவனுக்கு அவள் முகம் தெரியவில்லை, அவளால் அவன் கிட்டே போக முடியவில்லை. சில வருஷம் முந்தி இது நடந்திருந்தால் ஒருவர் நடந்து போயிருக்கலாம், ஒருவர் பார்த்திருக்கலாம். நான் நடுவில் நின்றேன். எனக்கு வழக்கமான இடம் அது.

"மெலிஞ்சிட்டியா?" என்றாள்.

"நீ பாத்துச் சொல்லு. எனக்கு என்ன தெரியும்?"

"மெலிஞ்சுதான் போயிருக்க. மேல போ. பாத்து ஏறு."

சுவரைத் தடவிக்கொண்டு ஏறினான். மாடியில் கையால்தான் பார்த்தான். முள்ளைத் தொட்டு ரோசா என்றான், பெருத்த அடியைத் தடவி, "இது யாரு, தொப்பையோட?" என்றான். அடினியம் என்று சொன்னேன். நான் செங்கல் வைக்க, அவன் தொட்டியைத் தூக்கி ஏற்றினான். கண் போனாலும் கை போகவில்லை. கீழேயிருந்து ரெஜினா கத்திக்கொண்டே இருந்தாள்.

"தட்ட எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுக்கா!"

"ஓட்டையக் குத்தினியா?"

"குத்திக்கிட்டிருக்கேன்க்கா, பறக்காத!"

வரிசை முடிந்தது. அவன் கை இன்னும் தேடிக்கொண்டே போனது, கைப்பிடிச்சுவர் வரைக்கும்.

"அந்தக் கொழும்புச் செடி எங்கன அத்தான்?"

"அது இல்ல மாப்ளே. அதுக்கு அப்புறம் அவ வைக்கவே இல்ல."

"ஓ" என்றான். கையை எடுத்துத் துண்டில் துடைத்தான்.

திரை கட்ட நான் சாக்கை விரித்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நில்லுங்க. என் நாக்க நம்பிக் கட்டக் கூடாது. அக்கா நாக்குல வச்சுக் கேட்டுட்டு வாங்க."

ஒரு சாக்கைக் கீழே கொண்டுபோனேன். விஷயத்தைச் சொன்னேன். ரெஜினா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஈர முனையை நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள்.

"கரிக்குது" என்றாள்.

துவரம்பருப்புச் சாக்கில் உப்பு எங்கேயிருந்து வரும்?

"இன்னும் ஒரு தண்ணி அலசணும். நம்ம குழாயில நல்ல தண்ணிதான் வருது, இங்கனயே அலசச் சொல்லுங்க. காயட்டும். நாளைக்கு வந்து கட்டட்டும்."

"நாளைக்கு மழைன்னு டிவியில சொல்லுதான்ளா. செடி?"

"மழ வந்தா வரட்டும். இவனும் நாளைக்கு வரட்டும்."

மேலே போய்ச் சொன்னேன். சவரி ஒரு சாக்கை எடுத்து முகர்ந்தான்.

"பருப்புச் சாக்கு அத்தான்."

"தெரியும்."

"கரிக்குதுன்னா சொன்னா?"

"ஆமா."

வடகிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு அது தெரிந்ததோ என்னவோ, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஒவ்வொரு சாக்காகக் குனிந்து எடுத்தான்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் நாக்கு இல்லையே" என்றான்.

சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினான். அன்றைக்கும் இதே படியில் சாக்கோடுதான் இறங்கினானாம், வாசலைப் பார்த்து. நான் பார்க்கவில்லை, கடலில் இருந்தேன். இந்தத் தடவை பார்த்தேன். சுவரைத் தடவித் தடவி, குழாய்ப் பக்கமாகப் போனான்.